கன்னச் சிவப்பு

பரிசோதனைத் தட்டில் மகளின் ரத்தம் விட்ட அந்தச் சின்னக் குழியில் நிறம் ஏற வேண்டும் என்று அவள் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நோய் இருக்க வேண்டும் என்று அவள் வேலை பார்க்கும் இந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். அதுவும் பெற்ற பிள்ளைக்கு.

முந்தாநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது குழந்தையின் இரண்டு கன்னமும் பளார் பளாரென்று அறை வாங்கியது போலச் சிவந்திருந்தன. பகல் முழுக்கக் கூட இருந்தது அவளுடைய அப்பா மட்டும்தான்.

அப்பா அந்தக் காலத்து டிரில் மாஸ்டர். வாய் பேசும் முன்பே கை பேசிவிடும். அவளுடைய கன்னமே அதற்குச் சாட்சி.

இப்போது பேத்தி தோளில் ஏறி மிதித்தாலும் சிரிப்பார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். பேத்தி காட்டிக்கொடுக்க மாட்டாள், அவளும் கூடச் சேர்ந்து தேடுவாள்.

அடித்தீர்களா என்று கேட்டதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்ன வீம்பு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று அந்தக் கதவுக்குப் பின்னால் முடிவாகிவிட்டது.

மறுநாள் கைகளிலும் புள்ளிகள் பூத்தபோதுதான் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

தட்டம்மை இல்லை. ரூபெல்லாவும் இல்லை. மிச்சம் இருந்தது பார்வோ வைரஸ். பிள்ளைகளின் கன்னத்தை அறைந்தது மாதிரி சிவக்க வைப்பதுதான் அதன் வேலையே.

குழியில் மெல்ல நீலம் கட்டியது. அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சளானது. பார்வோதான். இயந்திரமும் அதையே சொன்னது.

ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். இரண்டு நாள் கோபத்தையும் சேர்த்து வைத்து அப்பா இப்போது எகிறுவார். எகிறட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. அப்பாவிடம் திட்டு வாங்கக்கூட இப்போது ஆசையாக இருந்தது.

"அப்பா, அது வைரஸ்ப்பா. கன்னம் அப்படித்தான் செவக்கும்."

அந்தப் பக்கம் உள்ளறையில் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

பிறகு அப்பா மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்போ நான் அடிக்கலையாம்மா?"