டாக்டரம்மா எப்படி?

பஸ்ஸை விட்டு இறங்கியவருக்கு, மகள் வேலை பார்க்கும் ஊரில் அவளுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள ஆசை. தோல் பையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக உரக்கடைக்குள் நுழைந்தார்.

“இங்க மாட்டு டாக்டரம்மா எப்படிங்க?”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சுத்த மோசம் சார். ஊசி போட்டா கை நடுங்கும்.”

உரம் வாங்க வந்திருந்த விவசாயியும் சேர்ந்துகொண்டார். “கூப்பிட்டா வரமாட்டாங்க. வந்தாலும் மாட்டைக் கண்டு பயந்து ஓடுவாங்க.”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். “அவ என் பொண்ணுங்க. இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

விவசாயி தூக்கிய மூட்டையைப் பொத்தென்று போட்டார். “ஐயையோ! தலைமை ஆபீஸ்காரர்னு நினைச்சுட்டோமே! போன டாக்டரை ஆகா ஓகோன்னு புகழ்ந்தோம். ஒரே மாசத்துல பதவி உயர்வு குடுத்து டவுனுக்குத் தூக்கிட்டாங்க. அதான் இந்தத் தடவை ஊரே கூடிப் பேசி வெச்சிருக்கோம்.”

“அப்ப என் பொண்ணு?”

“என் கன்னுக்குட்டிக்கே அவங்க பேருதாங்க!”

கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, ஆபீஸ்ல யாராச்சும் விசாரிச்சா, நீங்களும் ரெண்டு வார்த்தை திட்டிடுங்க.”