மீற்றரில் மிகுந்த நூற்றிருபது

வகுப்புப் பிள்ளை நிவேதிகா வெளியே ஓடிப்போய், காரின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, மீற்றரில் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.

நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

என் மகள் கிறேஸ் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் விறாந்தையில் அட்சரகணிதம் படிப்பிக்கிறவள். மாறி, மாறிலி என்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களாம். அதனால் அன்றைக்குக் கார் வைத்திருக்கும் செலவைக் கரும்பலகையில் போட்டாள். இன்சூரன்ஸ், கார் நின்றாலும் ஓடினாலும் மாறாது. பெற்றோல் தூரத்தோடு ஏறும்.

உதாரணத்துக்கு, வாசலில் நிற்கும் என் பழைய கார்.

மாதத்துக்குத் தான் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வர நூற்றறுபது கிலோமீற்றர், சேர்ச்சுக்கு இருபது. மொத்தம் நூற்றெண்பது என்று எழுதினாள்.

போன மாதம் இதே திகதியில் ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டிலும் மீற்றர் எண் இருந்தது. நிவேதிகா கழித்துப் பார்த்தாள். முந்நூறு.

"மிஸ், நூற்றிருபது கூட வருது."

"காருக்குக் கால் முளைச்சிட்டு," என்றான் மெல்ரோய்.

நான் விளக்கம் சொன்னேன். கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலத்தில் இந்தக் காரைப் பாதைப் படகில் ஏற்றிக் கடலைக் கடந்தேன். கடல் தூரத்தையும் மீற்றர் சேர்த்து எண்ணிவிட்டது. துறைமுகப் பக்கம் காற்றடித்தால் இன்றைக்கும் அந்த ஞாபகத்தில் தானாக ஓடும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. படிக்கிற பிள்ளைகள்.

"மாதத்துக்கு நாலு கிழமை. கிழமைக்கு x எண்டு வைப்பம்," என்றாள் நிவேதிகா. நான்கு x, நூற்றிருபது. x, முப்பது.

கிறேஸின் பார்வை யன்னலுக்குப் போனது. வெளியே ஸெய்னுதீன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே காக்கா, மூத்த அண்ணன். எங்கள் தெருக் கார்கள் எல்லாவற்றையும் கழுவுகிறவர். அதுதான் அவருக்குச் சோறு.

"காக்கா, கிழமைக்கு முப்பது கிலோமீற்றர் எங்க கொண்டுபோறீங்கள்? இனி இந்தக் காரில கை வைக்க வேணாம். தெருவில மற்றாக்களுக்கும் சொல்லத்தான் போறன்."

ஸெய்னுதீனின் துணி வாளிக்குள் விழுந்தது.

"மகள், எனக்குச் சைக்கிளே ஓட ஏலாது."

எனக்குப் பொறுக்கவில்லை. என் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு, நான் ஓட்டக்கூடாதென்று, கார்த் திறப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டியவள் கிறேஸ். சனிக்கிழமைகளில் அவள் சந்தைக்கு நடந்ததும் நான் எடுத்துவிடுவேன். உப்புவெளியில் ஒரு பிளேன்ரீ. அவள் வருவதற்குள் வீடு.

"நான்தான் பிள்ளை," என்றேன். "உப்புவெளிக்கு. போக அஞ்சு, வர அஞ்சு. கிழமைக்கு ஒருக்கா."

ஏச்சுக்காகக் காத்திருந்தேன். கிறேஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை.

நிவேதிகாவின் பேனை ஓடியது.

"அப்ப மிச்சம் இருபது, மிஸ்?"

கிறேஸ் டஸ்டரை எடுத்து, முதலில் அந்த x-ஐ அழித்தாள்.

"பழைய மீற்றர்தானே. அப்பா சொன்னமாதிரி காத்தாக்கும்." யன்னல் பக்கம் திரும்பினாள். "காக்கா, நீங்கள் கழுவுங்கோ. குறை நினைக்காதேங்கோ."

வகுப்பு அரைமணித்தியாலம் முந்தியே முடிந்தது.

எங்கள் வீட்டு அலுமாரியின் திறப்பு அரிசித் தகரப் பேணிக்குள் புதைந்து கிடக்கும். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

ஒருவன் நான்.