இனிப்புத் தூளில் ஒரு சந்தேகம்

சாதாரணச் சர்க்கரையில் நொதியைச் சேர்த்து, மெதுவாக ஜீரணமாகும் இனிப்புத் தூளாக மாற்றி விற்கும் கம்பெனி அது. பாக்கெட்டில் அச்சடித்த நம்பருக்குக் கூப்பிடுகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்ப்பது அவளுடைய வேலை. கீழ்த்தளத்தில் அவளுக்குத் தனி அறை.

தினமும் மூன்று மணிக்கு ஒருவர் கூப்பிடுவார்.

"மேடம், இதுவும் சர்க்கரையிலருந்துதானே வருது? அப்புறம் எப்படி மெதுவா ஜீரணமாகும்?"

"சர்க்கரையில ரெண்டு துண்டு ஒட்டிட்டிருக்கு சார். ஒட்டுற இடத்தை மாத்திடறாங்க. அதைப் பிரிக்கக் குடலுக்கு நேரம் பிடிக்கும்" என்று கையேட்டைப் பார்த்துப் படிப்பாள்.

அன்று அவர், "இருமல் மருந்துல இதைச் சேர்க்கலாமா?" என்று கேட்டார். கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.

"லைன்லயே இருங்க சார். கண்டுபிடிச்சவரையே கேட்டுட்டு வந்துடறேன்."

மாடியேறி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரே ஒருவர், போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். இருமல் மருந்துல..."

அவர் போனை மெல்லக் கீழே வைத்தார்.

"சேர்த்துட்டேன் மேடம். இன்னிக்குக் காலையிலதான் சரியா வந்துச்சு." தினமும் மூன்று மணிக்குக் கேட்கும் அதே குரல்.

"அந்தக் கையேடு?"

"நான் எழுதினதுதான்."

"அப்புறம் ஏன் சார் என்கிட்ட கேட்டீங்க?"

"கூட இருந்த நாலு பேரையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பேச ஆள் இல்ல." தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்க. இனிமே கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடுங்க சார்" என்றாள் அவள். "அந்த நம்பருக்கு உங்களைத் தவிர வேற யாருமே கூப்பிடறதில்ல."