ஒரு ஜாடி மண்

சீனர் தெருவை இரண்டு முறை கொளுத்திய அந்த அமெரிக்க நகரத்துக்குத் திடீரென்று அவர்கள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. தெரு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்பதால், விழாவை ஊருக்கு வெளியே சீனர்களின் பழைய இடுகாட்டில் வைத்தார்கள். மேயர் விட்லாக் அந்த இடுகாட்டு மண்ணை ஒரு கண்ணாடி ஜாடியில் நிரப்பி, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். சிவப்பு என்றால் இவர்கள் மயங்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நம் ஊருக்கு ரயில் பாதை போட்டவர்கள், இந்த மண்ணோடு மண்ணாகிப்போனவர்கள்" என்று தழுதழுத்தார். கைதட்டினார்கள். அந்தத் தெருவில் மிஞ்சிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவள், வாத்துக்கறிக் கடை நடத்தும் க்வாய் லான். அவளை மேடைக்கு அழைத்துக் கை குலுக்கிவிட்டு ஜாடியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இங்க யாருமே இல்லீங்களே. குழியெல்லாம் காலி."

"காலியா? அப்ப அவங்கல்லாம் எங்க?"

"சொந்த ஊருக்குப் போயிட்டாங்க. புதைச்சுச் சில வருஷம் கழிச்சுத் தோண்டி, எலும்பைக் கழுவி, பெட்டியில வச்சுக் கப்பல்ல அனுப்பிடுவோம்."

மேயர் சமாளித்தார். "கழுவியா! எவ்வளவு மரியாதை பாருங்க."

"மரியாதைக்கு இல்லீங்க. உங்க மண்ணு ஒட்டிக்கிட்டு வந்துடக் கூடாதுல்ல."

அவள் கைப்பையைத் திறந்தாள். ஜாடிக்குத்தான் இடம் பண்ணுகிறாள் என்று மேயர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். அவள் கைக்குட்டையை எடுத்து, அவர் குலுக்கிய தன் கையை விரல் விரலாகத் துடைக்கத் தொடங்கினாள்.