தொண்டை ஆசீர்

மகள் ஜெசிந்தா சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து மத்தியாசும் அவர் மனைவி மெற்றில்டாவும் பேசிக்கொள்வதில்லை. "அவ பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார் அவர். "அப்ப என் குரலும் கேக்காது" என்றாள் அவள். ஆனாலும் தினமும் விடியலில் அவர் அன்றைய விவிலிய வாசகத்தைச் சத்தமாக வாசித்து, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடிப்பார். அடுக்களையிலிருந்து அவள், "இறைவா உமக்கு நன்றி" என்பாள். வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

புனித பிளாசியார் திருநாள் வந்தது. தொண்டை நோவுக்கு வேண்டிக்கொள்ளும் புனிதர் அவர். பூசை முடிந்ததும் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து, ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து ஆசீர்வதித்தார். ஆண்கள் வரிசையில் மத்தியாஸ் கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். மெற்றில்டா எட்டி எட்டிப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு ஒரு இருமல்கூடக் கிடையாதே, யாருக்காக இவ்வளவு உருக்கமாக வேண்டுகிறார்?

வீடு திரும்பும்போது வழக்கம்போல அவர் முன்னால் போக, அவள் பின்னால் நடந்தாள். பள்ளிக்கூட மதில் ஓரம் அவர் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"அவளுக்கு இப்பவும் தொண்டை கட்டுதா?"

மெற்றில்டாவுக்குத் திக்கென்றது. தான் மகளோடு ஃபோனில் பேசுவது இவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகத் தெரியும்? மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள்.

"மழை நாள்ல மட்டும்" என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "ஜெசிந்தா..." என்று இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார்.