தலைகீழாகத் தொங்கிய படம்

ஷூவைக் கழற்றும்போதே மாப்பிள்ளை கவனித்துவிட்டான். அவன் வரைந்த படம் ஹால் சுவரில் மறுபடியும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனான்.

"உங்கப்பா இன்னிக்கும் திருப்பி மாட்டியிருக்கார்."

மனைவி அடுப்பை அணைத்தாள். "ஏதாவது கை பட்டிருக்கும்."

"கை பட்டா கோணலாகும். தலைகீழாவா ஆகும்?"

அவள் பாத்திரத்தை இறக்கி மூடி வைத்தாள்.

மாமியாருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவனும் மனைவியும் மாமனார் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியாரால் மாடி ஏற முடியாததால் ஹாலிலேயே கட்டில் போட்டாயிற்று. தலையணைகூட வைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. 'வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டியா?' என்று நண்பர்கள் கிண்டல் செய்ததைக்கூட அவன் சிரித்துத் தள்ளிவிட்டான். இந்தப் படத்து விஷயத்தைத்தான் தள்ள முடியவில்லை.

பகலெல்லாம் கடைகளுக்கு போர்டு டிசைன் செய்கிற வேலை அவனுக்கு. 'எழுத்தைப் பெரிசாக்குங்க, இன்னும் பெரிசாக்குங்க' என்பதைத் தவிர எந்த வாடிக்கையாளரும் எதுவும் சொன்னதில்லை. லீவு நாளில் மட்டும் தனக்காக வரைவான். ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. எங்கேயோ கண்ணில் பட்ட ஒன்றின் கோடும் நிழலும் நிறமும் மட்டும் இருக்கும்.

"இது என்ன?" என்று கேட்டால் சொல்ல மாட்டான். அது ஒரு வீம்பு. யாராவது ஒருத்தராவது தானாகக் கண்டுபிடிக்க மாட்டார்களா என்ற ஏக்கமும் உண்டு. இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு வரைந்த முதல் படம் இது. மனைவிதான் ஆசையாக அம்மாவின் கட்டில் தலைமாட்டுச் சுவரில் மாட்டினாள்.

மாமனார் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் மிதியடி இம்மி விலகியிருந்தாலும் குனிந்து நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படிப்பட்டவர் படத்தை மட்டும் தலைகீழாக மாட்டினால் என்ன அர்த்தம்? இதெல்லாம் ஒரு படமா என்று கேட்காமல் கேட்கிறார், அவ்வளவுதானே.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மாமியாரைப் பார்க்க வந்திருந்தார். படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இதுல எது சார் மேல், எது கீழ்?"

"அது பார்க்கிறவங்களைப் பொறுத்தது," என்றார் மாமனார்.

பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார்கூடப் படுத்தபடியே சிரித்தார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போனது.

"நம்ம வீட்டுக்கே போயிடலாம்," என்றான் இப்போது. "அத்தைக்கு ஒரு நர்ஸ் ஏற்பாடு பண்ணிடலாம்."

"அம்மாவை இந்த நிலைமையில விட்டுட்டா?" அவள் கண் கலங்கியது. "ஒரு படத்துக்காகவா?"

"மதிக்கலைன்னா பேசாம இருந்துட்டுப் போகட்டும். அதைச் சுவத்துல மாட்டிக் காட்டணுமா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போகலாம். ஆனா அப்பாகிட்ட ஒரு வார்த்தை நேர்ல கேட்டுடுங்க. கேட்காமப் போனா காலம் பூரா மனசுல கிடந்து அரிக்கும்."

ஹாலுக்கு வந்தான். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். மாமனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, படம் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. கழட்டிடறேன்."

"பிடிக்கலைன்னு யார் சொன்னது?"

"பின்ன ஏன் தலைகீழா மாட்டறீங்க? எது நேர்னு தெரியலைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"தெரியாம என்ன மாப்பிள்ளை? நம்ம மாடியில இருக்கிற துணிக்கொடிதானே? சாம்பல் கோடு கயிறு. சிவப்புப் புள்ளியெல்லாம் கிளிப்பு. அலை அலையா இருக்கிறது தரையில விழுந்த துணி நிழல்."

மாப்பிள்ளைக்குச் சந்தோஷப்படுவதா, சண்டையைத் தொடர்வதா என்றே தெரியவில்லை.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? உங்க அத்தைதான் சொன்னா, மாட்டின அன்னிக்கே. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அதுல துணி காயப்போட்டவளாச்சே. 'இனிமே மாடி ஏறுவேனோ மாட்டேனோ, மாப்பிள்ளை கொடியையே கீழே கொண்டு வந்துட்டார்'னு சொல்லி ஒரே அழுகை."

அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். இருந்தாலும் கேட்டான்.

"அப்புறம் ஏன் மாமா திருப்பி மாட்டறீங்க?"

"நீங்க வர்றதுக்குள்ள பழையபடி நேராக்கிடணும்னு அவ கண்டிஷன். தெரிஞ்சா மாப்பிள்ளை மனசு சங்கடப்படும்னா. இப்படிக் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே இருக்கிறதுல டைம் கீப்பர் அப்பப்ப டைமைக் கோட்டை விட்டுடறேன்."

மனைவியின் கால்வரை போர்வையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாமதான் நின்னுக்கிட்டுப் பார்க்கிறோம், மாப்பிள்ளை. அவ படுத்தபடியே தலைமாட்டுப் பக்கம் அண்ணாந்துல்ல பார்க்கணும்? இப்படி மாட்டினாத்தான் அவளுக்கு நேராத் தெரியுது."