வெள்ளை பூசிய படம்

பாடநூல் குழுவின் மேசைமேல் கருப்பைப் படம் மல்லாந்து கிடக்கிறது. தலைவர் பல்குத்திய குச்சியைக் கருக்குழாயின்மேல் வைத்துவிட்டு, பிழை அழிக்கும் வெள்ளை மைப் புட்டியைத் திறந்து, யோனியில் தொடங்கி மேலே மேலே பூசிக்கொண்டு போகிறார். குழுவுக்கு ஆலோசனை சொல்ல வந்த நர்ஸ் அந்த நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். இருபது வருஷம் பிரசவ வார்டில் ரத்தத்திலும் பனிக்குட நீரிலும் நின்றபோதுகூடப் பொத்தாத மூக்கு. படம் அவள் வரைந்தது. அது பாடத்தில் வராவிட்டால், முதல் தீட்டைப் பார்த்துச் சாகப்போகிறோம் என்று நடுங்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

"குழந்தை வர்ற வழியையே அடைச்சிட்டீங்களே, சார்."

"அதெல்லாம் கல்யாணமானா தன்னால தெரியும்மா" என்று, நாலு பிள்ளைக்குத் தகப்பனான அவர் வாயால் ஊதி ஊதிக் காயவைக்கிறார். சூலகங்கள் இரண்டும் பறிக்க மறந்த காய்கள்போல அந்தரத்தில் தொங்குகின்றன. மற்றவர்கள் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றபடியே தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். அறை காலியானதும் தலைவர் குரலைத் தாழ்த்துகிறார்.

"சிஸ்டர், எம்பொண்ணு மாசாமாசம் வலியில துடிக்கிறா. என்னவா இருக்கும்?"

அவள் எச்சில் குச்சியைப் பேனா முனையால் தள்ளிவிட்டு, படத்தை அவர் பக்கம் திருப்புகிறாள்.

"எங்க வலிக்குதுன்னு இதுல காட்டுங்க, சார்."

நீட்டிய அவர் விரல், இன்னும் காயாத வெள்ளையில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது.